சின்ன ரைடரை அடிபடாமல் ஆடவைப்பது எப்படி

பொங்கல் முடிந்த கையோடு பள்ளிப்பட்டிலிருந்து நகரி வரைக்கும் ரோட்டோரம் ஃபிளெக்ஸ் முளைத்துவிடும்: ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’. எல்லை தாண்டினால் அதே விஷயம் தெலுங்கில். கங்கையம்மன் ஜாத்திரை வரைக்கும் இது ஓயாது. ஒவ்வொரு டீமிலும் இந்த வருஷம் புதுசாக ஒரு பையன் இருப்பான். வயசு 17, எடை 58 கிலோ, கால் தரையில் படுவதே தெரியாது. இவனை வைத்துத்தான் கோப்பை என்று டீக்கடையில் முடிவே பண்ணிவிடுவார்கள். அந்தப் பையன் சீசன் முடியும்போதும் இரண்டு காலில் நடந்து வரவேண்டும் என்றால் என்ன செய்யவேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன். டீமைப் பார்த்துக்கொள்கிற அண்ணன்மாருக்கு, கேப்டன்களுக்கு.

நான் ரைடர், அதாவது பாடிப் போகிறவன், இல்லை. ரைட் கார்னர், அதாவது பிடிக்கிற வரிசையின் வலது கோடியில் ஆடியவன். இந்த மாதிரிப் பையன்களை எங்கே தொட்டால் விழுவான், எப்போது போனால் மாட்டுவான் என்று பார்த்துப் பார்த்துப் பிடித்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வேகமான ரைடருக்கு உள்ளே போகும்போது பெரிதாக அடி விழாது. அப்போது அவன் கண் விழிப்பாக இருக்கும், உடம்பு தயாராக இருக்கும். டச் போட்டாச்சு, பாயின்ட் வந்தாச்சு என்று மனசு நடுக்கோட்டைத் தாண்டிவிடும், உடம்பு இன்னும் எதிர்ப்பக்கமே இருக்கும். அடி விழுவது அங்கேதான். நம் ஊர்களில் நடக்கும் பயிற்சி முழுக்க உள்ளே போவதற்கு. திரும்பி வருவதற்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

எங்கள் பக்கம் தறிக்காரப் பிள்ளைகள் நிறைய. தறியில் நாடா போன வேகத்திலேயே திரும்பி வந்தால்தான் துணி. ரைடும் அப்படித்தான் என்று சொன்னால் அவர்களுக்கு உடனே புரிகிறது.

திரும்புவதில் முதல் பாடம், முதுகைக் காட்டாதே. டச் போட்டதும் பையன் அப்படியே திரும்பி ஓடுவான். பின்னால் இருந்து இடுப்பைக் கட்டித் தூக்கிப் போட அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. மார்பு எதிரணியைப் பார்த்தபடியே, இடுப்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் கால் மாற்றிப் பின்வாங்க வேண்டும். கண் தொட்ட ஆளின் மேல் இருக்கக்கூடாது; அவன் வேலை முடிந்தது. அடுத்த கவர் ஆளை, அதாவது கார்னருக்கு உள்ளே நடு ஆளுக்குப் பக்கத்தில் நிற்பவனைப் பார்க்கணும். டேஷ், அதாவது ஓடிவந்து மோதித் தள்ளுவது, அவனிடமிருந்துதான் வரும். டேஷ் அடிக்கப் போகிறவன் ஒரு கணம் முன்னால் குதிகாலைத் தூக்கித் தோளை இறக்குவான். அதைப் பார்க்கப் பழகிய பையன் பாதி அடியைத் தவிர்த்துவிடுவான்.

இரண்டாவது, ஓரக்கோட்டை ஒட்டித் திரும்பாதே. கார்னரைத் தொட்டுவிட்டுக் கோட்டோரமாகவே ஓடிவந்தால் கவர் ஆள் உள்ளிருந்து வெளியே தள்ளுவான். 85 கிலோ வரைக்கும் ஆள் இறங்கலாம் என்கிற சீனியர் ஆட்டத்தில் 58 கிலோ பையன் பறப்பான். எங்கே பறப்பான்? ட்யூப்லைட் கட்டிய சவுக்குக் கம்பத்துக்கு, இல்லாவிட்டால் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் மேல். கோட்டுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற அகலம் எப்போதும் இருக்கட்டும். உள்பக்கக் கை முழங்கை மடிந்து விலாவுக்கு முன்னால் நிற்கட்டும்.

மூன்றாவது, எடை. கால் விரலை நீட்டி எதிராளியைத் தொடும் டோ டச் போடும்போது முன்காலில் உடம்பைப் போட்டுவிட்டால் அந்தக் கால் மாட்டினால் மாட்டினதுதான். கார்னர் ஆடும்போது நான் ரைடரின் முகத்தையே பார்த்ததில்லை. முன்கால் கட்டைவிரலைப் பார்ப்பேன். விரல் மண்ணில் அழுந்தினால் எடை அங்கே வந்துவிட்டது, கிளம்பலாம். எடை பின்காலில் இருந்தால் விரல் மண்ணைத் தடவும், அழுந்தாது. இதைப் பையனுக்குக் காட்ட ஈர மண்ணில் டோ டச் போடச்சொல்லி, தடத்தை அவனையே குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆழமாகத் தடம் விழுந்தால் மறுபடி. விழுவது நின்ற பிறகுதான் வேகம்.

பிடிபட்டால் என்ன செய்வது

பிடிபடாத ரைடர் கிடையாது. முழங்கால் போவதற்குப் பெரும்பாலும் ஒரே கதைதான்: ஒரு கால் கார்னர் கையில், இன்னொரு கால் நட்ட மாதிரி தரையில், அந்த நேரம் கவர் வந்து மோதுகிறான். தரையில் இருக்கிற காலுக்குப் போக இடமில்லை, முழங்கால் உள்பக்கம் மடிகிறது. அதனால் கணுக்கால் மாட்டியதும் நின்று இழுத்துப் பார்க்கக்கூடாது. உடனே இடுப்பைக் கீழே இறக்கி, ஊன்றிய காலை மடித்து, நடுக்கோட்டைப் பார்த்துத் தரைக்குப் போய்விட வேண்டும். படுத்தபின் கை நீட்டி ஊர்ந்து கோட்டைத் தொடப் பார்க்கலாம். நின்றுகொண்டு முறுக்குவது வேண்டவே வேண்டாம்.

விழுவதையும் பழக்க வேண்டும். பள்ளிப்பட்டில் கொசஸ்தலை ஆறு இருக்கிறது. மழைக்காலத்தில் ஆந்திராவில் கிருஷ்ணாபுரம் அணை திறந்தால் தண்ணீர் வரும், மற்ற மாதங்களில் மணல்தான். அந்த மணலில் ஆரம்பியுங்கள். தாடை நெஞ்சோடு ஒட்டணும், தோள் முதலில் படணும், உருளணும். கையை நேராக நீட்டி ஊன்றக்கூடாது. விறைத்த கையில் விழுந்தால் மணிக்கட்டு, முழங்கை, காறை எலும்பு மூன்றில் ஒன்று கணக்குக் கேட்கும். மணலில் சரளமாக வந்த பிறகு மண் தரை, அதன்பின் மேட். பழைய இலவம்பஞ்சு மெத்தையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு, பையன் டச் போட்டுத் திரும்பும்போது எந்தப் பக்கம் என்று சொல்லாமல் மோதட்டும். பையன்கள் இதைச் சிரித்துக்கொண்டே செய்வார்கள். செய்யட்டும்.

அப்புறம் முக்கியமான ஒன்று: பாட்டை விட, அதாவது ‘கபடி’ சொல்வதை நிறுத்த, பழக்குங்கள். நம் ஊரில் பாட்டை விடுவது மானப் பிரச்சினை. மூச்சு முட்டினாலும், கழுத்து ஒருத்தன் அக்குளில் மாட்டியிருந்தாலும், நாலு பேர் மேலே கிடந்தாலும் ‘கபடி கபடி’ என்று முனகிக்கொண்டே நெளிவான். நெளிய நெளிய மேலே இருப்பவர்களும் இறுக்குவார்கள், விசில் வராதே. பாட்டை நிறுத்தினால் நடுவர் ஊதுவார், எல்லோரும் எழுந்துகொள்வார்கள். போவது ஒரு பாயின்ட். நான் பையனிடம் சொல்வது இதுதான்: “கழுத்தோ முழங்காலோ ஏடாகூடமா மாட்டிக்கினா பாட்ட வுட்டுடு, கையத் தட்டு. பாயின்ட்ட நாங்க எடுத்துக்கிறோம்.” இதைப் பயிற்சியில் பத்துப் பேர் முன்னால் செய்ய வைக்கணும். கூச்சம் அங்கேயே போய்விட வேண்டும்.

அமெரிக்கன் ஃபுட்பாலில் இதற்கு விதியே இருக்கிறது. டல்லாஸில் இருக்கும் அக்கா மகன் லீவில் வந்தபோது மொபைலில் காட்டினான். குவாட்டர்பேக், அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிறவன், பந்தோடு ஓடும்போது காலை முன்னே நீட்டிச் சறுக்கி உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும். அதற்குமேல் அவனை அடித்தால் 15 கெஜம் தண்டனை. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனே உட்கார்ந்து எழுந்து போகிறான். நம் பையனுக்கு என்ன?

எத்தனை ரைடு, எந்த ரைடு

பையனைப் பாதுகாப்பதில் பாதி வேலை கேப்டனுடையது. 40 நிமிட ஆட்டத்தில், ரைடுக்கு 30 வினாடி என்றால், ஒரு டீமுக்கு ஏறக்குறைய 40 ரைடு வரும். அதில் 25 ரைடை இந்தப் பையன் தலையில் கட்டுவதை நான் நிறைய பார்த்திருக்கிறேன். இரண்டாம் பாதியில் கால் கனத்துவிடும், திரும்பும் வேகம்தான் முதலில் குறையும். முதல் வருஷப் பையனுக்குப் 12, மிஞ்சினால் 15 போதும். பெஞ்சில் இருக்கும் பையன் கையில் ஒரு சாக்பீஸ் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள்.

எண்ணிக்கையைவிட எந்த நேரத்தில் அனுப்புகிறோம் என்பது பெரிது. எதிரே 6, 7 பேர் இருந்தால் போனஸ் உண்டு, பின்னால் இருக்கும் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் ஒரு பாயின்ட். பையனுக்கு ஆசை வரும், காலை நீட்டுவான், கார்னருக்கு அதுதான் வேண்டும். எதிரே 3 பேரோ அதற்குக் குறைவோ இருந்தால் பிடித்தவர்களுக்கு சூப்பர் டேக்கிள், இரண்டு பாயின்ட். உயிரைக் கொடுத்து அடிப்பார்கள். 4, 5 பேர் நிற்கும்போது போனஸும் இல்லை, சூப்பர் டேக்கிளும் இல்லை, ஓடுவதற்கு இடமும் இருக்கும். புதுப் பையனை அனுப்ப அதுதான் நேரம்.

டூ ஆர் டை ரைடை அவனுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இரண்டு ரைடு காலியாகப் போய் மூன்றாவதில் பாயின்ட் எடுத்தே ஆகணும் என்றால் அவன் ஆழமாக வந்துதான் தீரவேண்டும். எதிரணி உட்கார்ந்து காத்திருக்கும். அதற்கு உடம்புள்ள, வயசான ஆள் போகட்டும். முதல் இரண்டு ரைடில் பையனை அனுப்பி, ரைடர் தாண்டியே ஆகவேண்டிய பாக் லைனைத் தாண்டி, இரண்டு பக்கமும் ஆட்டம் காட்டிவிட்டு, ஒன்றும் இல்லாமல் திரும்பி வரச்சொல்லுங்கள். காலி ரைடுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. கூட்டம் கத்தும். கத்தட்டும், கூட்டத்தில் இருப்பவர் யாரும் அவன் ஸ்கேனுக்குப் பணம் கட்டப்போவதில்லை.

டிஃபென்ஸில் எங்கே நிறுத்துவது? கார்னரிலும் கவரிலும் வேண்டாம். நடுவிலோ, கார்னருக்கும் கவருக்கும் இடையில் உள்ள இன் இடத்திலோ கை கோத்து நிற்கட்டும், பிடியை அவன் ஆரம்பிக்கக் கூடாது. 2022-இல் தமிழ் தலைவாஸ் பவன் ஷெராவத் என்கிற ரைடரை 2 கோடியே 26 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்தது. புரோ கபடியில் அதுவரை அவ்வளவு விலைக்கு யாரும் போனதில்லை. முதல் மேட்சிலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசனே போச்சு. அடிபட்டது ரைடு போயல்ல, எதிர் ரைடரைப் பிடிக்கப் போய். நரேந்தர் என்கிற புதுமுகப் பையன்தான் அந்த டீமை அரையிறுதி வரைக்கும் இழுத்துப் போனான்.

இன்னொன்று, கெஸ்ட் பிளேயர் வியாபாரம். பையன் நன்றாக ஆடுகிறான் என்று தெரிந்தால் பக்கத்து ஊர்க்காரன் பைக் எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். ராத்திரி 10 மணிக்கு நம்மிடம் ஒரு மேட்ச், 2 மணிக்கு எல்லை தாண்டிப் புத்தூர்ப் பக்கம் இன்னொரு மேட்ச், கையில் ஆயிரமோ இரண்டாயிரமோ. வீட்டு நிலைமைக்கு அந்தப் பணம் வேண்டியிருக்கும், அதைக் கிண்டல் பண்ணமாட்டேன். ஆனால் ஒரே ராத்திரியில் இரண்டு ஊர் ஆடக்கூடாது என்று பையனிடம் சொல்வதைவிட அவன் அம்மாவிடம் சொல்லுங்கள். அது வேலை செய்யும். எங்கள் பையன் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “கப்பு வருதோ இல்லியோ ணா, புள்ள கை காலோட வரணும்.”

மைதானம், உடம்பு, மற்றவை

மேட்சுக்கு முன்னால் மைதானத்தை நடந்து பாருங்கள். கோட்டுக்கு நாடா அடித்திருந்தால் ஆணித் தலை வெளியே நிற்கிறதா என்று காலால் தேய்த்துப் பாருங்கள். கம்பம் கோட்டுக்குக் கிட்டே இருந்தால் சாக்கில் வைக்கோல் திணித்துச் சுற்றச் சொல்லுங்கள். விழாக் கமிட்டிக்காரர் முணுமுணுப்பார், செய்வார். தை மாசப் பனியில் நடுராத்திரிக்கு மேல் மண் வழுக்கும். மேலே மணல் தூவச் சொல்லலாம்.

மண்ணில் பழகிய பையனை மேட் விரித்த களத்துக்குக் கூட்டிப் போகும்போது எச்சரிக்கை தேவை. மண் கொஞ்சம் வழுக்கி விட்டுக்கொடுக்கும். மேட் ஷூவைக் கவ்விப் பிடிக்கும், உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. இரவல் ஷூவில் ஆடவிடாதீர்கள். முழங்காலுக்குப் போடும் துணிக் கவசம் சிராய்ப்பைத் தடுக்கும், ஜவ்வைக் காப்பாற்றாது.

ராத்திரிப் போட்டியில் பெரிய எதிரி காத்திருப்பது. பெயர் கொடுத்தது சாயந்திரம், கூப்பிடுவது 2 மணிக்கு. நடுவில் பரோட்டா தின்றுவிட்டு, போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்படியே எழுந்து ரைடு போனால் தொடைத்தசை பிடுங்கிக்கொள்ளும். ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னால் மறுபடி 15 நிமிடம் உடம்பைச் சூடாக்க வேண்டும். எடைப் பிரிவுக்காகச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்து எடை குறைப்பது அதைவிடக் கேடு. பையனை அடுத்த பிரிவில் ஆடவையுங்கள்.

வாரத்தில் மூன்று நாள் இது மட்டும் போதும்: மண்டியிட்டு உட்கார, நண்பன் கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, உடம்பை நேராக வைத்தபடி மெதுவாக முன்னால் சாய்வது, இது பின் தொடைக்கு. ஒற்றைக் காலில் குதித்து முழங்கால் உள்ளே சாயாமல் நிற்பது. கழுத்தை உள்ளங்கையால் நாலு பக்கமும் தள்ளி எதிர்ப்பது. கழுத்து விஷயத்தை யாரும் செய்வதில்லை, ரைடருக்கு அது அவசியம்.

கேப்டன் டாஸ் போடும்போதே நடுவரிடம் பேசிவிடணும்: கழுத்துப் பிடி, முடியைப் பிடிப்பது, வாயைப் பொத்துவது, காலால் கத்தரி போடுவது, விசிலுக்குப் பிறகு மேலே விழுவது. எல்லாமே விதிப்படி தப்பு, கார்டு காட்டலாம். முதல் தடவை நடந்தபோதே மரியாதையாகப் போய்ச் சொன்னால் நடுவர் கண் அங்கேயே இருக்கும்.

அடிபட்ட பின்

பையன் விழுந்து எழவில்லை என்றால் நம் ஊரில் என்ன நடக்கும்? பத்துப் பேர் ஓடிவருவார்கள், அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள், ஒருத்தர் ஸ்ப்ரே அடிப்பார், ஒருத்தர் காலை இழுத்துச் சொடக்கெடுப்பார். இது நடக்கக்கூடாது. டீமில் இரண்டு பேரை முன்கூட்டியே நியமியுங்கள். அவர்கள் வேலை கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவது மட்டும். கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்துப்போகிறது என்றால் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். எல்லையோரம் என்பதால் எந்த மாநிலம், எந்த ஊர் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

தலையில் அடிபட்டு, கேட்டதையே திரும்பக் கேட்கிறான், வாந்தி எடுக்கிறான், ஸ்கோர் தெரியவில்லை என்றால் ஆஸ்பத்திரி. தெளிந்துவிட்டான் என்று அன்றைக்கு மறுபடி இறக்கக்கூடாது. 2022-இல் பண்ருட்டிப் பக்கம் ஒரு இளைஞர் ரைடு போன இடத்திலேயே உயிரை விட்டதை நாம் எல்லோரும் செல்போனில் பார்த்தோம்.

முழங்காலில் ‘டப்’ என்று சத்தம் கேட்டது, அன்றைக்கே வீங்கியது, ஊன்றினால் கால் நழுவுகிறது என்றால் ஜவ்வாக இருக்கலாம். துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். எண்ணெய் தேய்க்க வேண்டாம், உருவ வேண்டாம். நமக்குப் புத்தூர்க் கட்டு பக்கத்திலேயே இருக்கிறது, தாத்தா காலத்திலிருந்து நம்பிப் போகிறோம். அது எலும்புக்கு. ஜவ்வு கிழிந்ததைக் கட்டு ஒட்டவைக்காது; எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். திருப்பதி பேர்ட் ஆஸ்பத்திரியோ வேலூர் சி.எம்.சி.யோ, எலும்பு டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

மறுபடி இறங்கலாமா என்பதைப் பையனிடம் கேட்காதீர்கள். அவன் ‘ஆடறேன் மாமா’ என்றுதான் சொல்வான். அமெரிக்காவில் வாஷிங்டன் அணிக்கு ராபர்ட் கிரிஃபின் என்று ஒரு குவாட்டர்பேக், ஓட்டத்தில் புலி. 2012 முதல் வருஷம், அந்த வருஷத்தின் சிறந்த புதுமுக விருதும் அவருக்கே. டிசம்பரில் வலது முழங்காலில் அடி. ஜனவரி 2013-இல் சியாட்டிலுக்கு எதிரான ஆட்டத்தில் நொண்டிக்கொண்டே நின்றார், ஆடுகிறேன் என்றார், பயிற்சியாளர் விட்டார். அன்றைக்கே அதே முழங்கால் மடங்கி ஜவ்வு கிழிந்தது. பழைய ஓட்டம் அப்புறம் வரவில்லை.

அதனால் முடிவு சொல்ல ஒரே ஆளை வையுங்கள், கேப்டனாக இல்லாத ஆளாக. டாக்டர் சரி என்ற பிறகும் ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லி இரண்டு காலும் ஒரே தூரம் வருகிறதா என்று அளந்து பாருங்கள். முதல் வாரம் பிடி இல்லாமல் வெறும் டச் ஆட்டம், இரண்டாவது வாரம் ஒரு கார்னர் மட்டும் பிடிக்கலாம், அதன்பின் முழு டீம். போட்டியில் முதல் நாள் மூன்றே ரைடு, அதுவும் முதல் பாதியில்.